லூர்துராஜ் வெட்டிய முகம்

மதுரை, ராமநாதபுரம் ஏரியாவில் எட்டு வருஷம் ஒரே ஒருவனுடைய முகம் மட்டும் எந்தத் திரையிலும் விழவில்லை. விழாமல் பார்த்துக்கொண்டவன் என் அண்ணன் லூர்துராஜ். சினிமாவில் எடிட்டர் என்றால் பெயர் திரையில் வரும், விருது கொடுப்பார்கள், பத்திரிகையில் படம் போடுவார்கள். என் அண்ணன் பெயர் எங்கும் வந்ததில்லை. ஆனால் மேலூரிலும் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் ஜனங்கள் எந்தப் படத்தை எவ்வளவு பார்க்கலாம் என்று கடைசியாக முடிவு செய்தது அவன் கத்திரிக்கோல்தான். அந்தக் கத்திரிக்கோலை அவன் ஒருவனுக்கு எதிராகப் பிடித்தது எனக்காக. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அண்ணன் கோடம்பாக்கத்தில் மூன்று வருஷம் ஒரு எடிட்டரிடம் உதவியாளாக இருந்தவன். வெட்டின துண்டுகளுக்கு நம்பர் போடுவது, ஒட்டுவது, டீ வாங்கி வருவது, திட்டு வாங்குவது எல்லாம் அவன் வேலை. அங்கே கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்வான்: "வெட்டுனது தெரிஞ்சா அவன் எடிட்டர் இல்ல, கசாப்புக்காரன்." அம்மா முன்பே போய்விட்டாள். அப்பாவும் செத்ததும், வீட்டில் நான் தனியாக இருக்கக் கூடாதென்று திரும்பி வந்துவிட்டான். எடிட்டர் ஆகிற கனவை விட்டதற்காக ஒரு நாளும் அவன் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

சிம்மக்கல்லில் ஒரு விநியோகஸ்தர் ஆபீசில் பிரிண்ட் பார்க்கிற வேலை கிடைத்தது. மெட்ராஸிலிருந்து தகரப் பெட்டியில் படச்சுருள்கள் வரும். தியேட்டருக்குப் போகும் முன் ஒவ்வொரு சுருளையும் மேஜையில் வைத்துச் சுற்றி, கிழிசலை ஒட்டி, கீறலைப் பார்த்து அனுப்ப வேண்டும். எங்கள் ஏரியாவில் ஓடுகிற நாலைந்து பிரிண்டும் அவன் விரல் படாமல் வெளியே போகாது.

வெள்ளிக்கிழமை படம் வெளியாகும். சனிக்கிழமை காலையில் ஜனம் எந்த இடத்தில் கொட்டாவி விட்டது, எந்த இடத்தில் எழுந்து முறுக்கு வாங்கப் போனது என்று முதலாளிக்குத் தகவல் வந்துவிடும். "லூர்து, பன்னெண்டு நிமிசம் இழுக்குதாம்ப்பா, என்னமாச்சும் செய்யி" என்பார். படத்துக்குரிய சத்தம் பிலிமில் படத்துக்கு நேராக இருக்காது, இருபது கட்டம் முன்னால் பதிந்திருக்கும். தெரியாதவன் வெட்டினால் ஆள் வாயை மூடின பிறகும் பேச்சு கேட்கும். அண்ணன் கதவு சாத்துகிற இடம், பஸ் போகிற இடம், மழை பெய்கிற இடம் என்று தேடி வெட்டுவான். அவன் ஒரு படத்தில் ஒரு பாட்டையும் ஒரு கனவையும் தூக்கி எறிந்தான், அது ஐம்பது நாள் ஓடியது. டைரக்டர் மதுரைக்கு வந்து முதலாளிக்குச் சால்வை போட்டுவிட்டுப் போனார். அந்த நேரம் என் அண்ணன் உள் அறையில், ஒட்டுகிற மருந்து பாட்டிலின் மூடி திறக்காமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று பூசை முடிவில் சாமியார் வாசிப்பார். 1991 ஜனவரியில், பிலோமினாள் மகன் ஆன்றோவுக்கும் சலேத்மேரியாகிய எனக்கும் இரண்டு ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் ஆன்றோ மெட்ராஸுக்கு ரயிலேறிவிட்டான். சினிமாவில் நடிக்கப் போகிறானாம்.

மறுநாள் சாமியார் மற்ற மூன்று ஜோடிகளின் பெயரை வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். பெண்கள் பக்கத்தில் அத்தனை முக்காடும் என் பக்கம் திரும்பின. தடை என்னவாக இருக்கும் என்று அதன் பிறகு ஆளாளுக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு வலிப்பு என்றார்கள். எனக்கு ஏற்கெனவே ஒருவன் உண்டு என்றார்கள். இரண்டு ஓலையோடு நின்ற பெண்ணுக்கு எங்கள் கோயில் பங்கில் ஒரு பட்டப்பெயர் உண்டு, அதை இங்கே எழுத மாட்டேன். அடுத்து வந்த இரண்டு வரனும் தெருமுனை டீக்கடையோடு திரும்பிப் போயின. நான் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து, கல்யாணப் பேச்சை மூட்டை கட்டி வைத்தேன்.

அண்ணன் அரிவாளைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸ் போவான் என்று தெருவே எதிர்பார்த்தது. அவன் வழக்கம்போல் சைக்கிளை மிதித்து ஆபீஸ் போனான், வந்தான்.

1993-இல் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மேஜையில் சுருள் பாதி ஓடி நின்றிருந்தது. "இங்க வா சலேத்து" என்று லென்சைக் கையில் கொடுத்தான். பிலிமைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தான். வில்லன் பின்னால் நாலு அடியாட்கள். இடது பக்கம் இரண்டாவது ஆள், விரல் நகம் அளவு முகம். ஆன்றோ. மீசையை முறுக்கி விட்டிருந்தான்.

"பதினோரு செகண்டு வாரான். என்ன செய்யட்டும்?" என்றான் அண்ணன்.

மேஜையில் கிடந்த கத்திரிக்கோலை எடுத்து நான்தான் அவன் கையில் கொடுத்தேன்.

அந்தப் பதினோரு செகண்டையும் எங்கள் வெந்நீர் அடுப்பில் போட்டோம். எரியாமல் உருகி, நாறித் தொலைத்தது. அந்த நாற்றத்தில் எனக்கு இரண்டு வருஷத்துக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

அதிலிருந்து இது எங்கள் குடும்பத் தொழிலானது. அவன் வெட்டுவான். நான் மேட்னி போய், வெட்டின இடத்தில் படம் குதிக்கிறதா என்று பார்த்துச் சொல்வேன். ஆன்றோ நடித்ததெல்லாம் சின்ன வேஷம், படங்களும் ஓடாத படங்கள், அதனால் டிவிக்காரர்களும் அவற்றைச் சீண்டவில்லை. எங்கள் ஏரியாவில் அவன் இல்லவே இல்லை. ஒரு படத்தில் கதாநாயகியின் தம்பியை அவன்தான் கொல்லுவான். கொலையைத் தூக்கியதும் தம்பி நடுப்படத்தில் காணாமல் போனான். "துபாய் போயிருப்பான்டா, வேற என்ன" என்று பின்வரிசையில் ஒருவர் விளக்கம் சொன்னார். நானும் அண்ணனும் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம்.

சிரிக்காமல் படம் பார்த்த ஒரே ஆள் பிலோமினாள். சினிமாவைச் சாத்தானின் பெட்டி என்று சொல்லித் திரிந்தவள் அவள். மகன் நடிக்கிறான் என்றதும் ஒவ்வொரு படத்துக்கும் வர ஆரம்பித்தாள். விளக்கு அணையும்போது சிலுவை போட்டுக்கொள்வாள். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மகன் கடிதத்தைப் பக்கத்து வீட்டில் யாராவது வாசித்துச் சொல்வார்கள்: அம்மா, இந்தப் படத்துல நீலச் சட்டை போட்டு வாரேன். அவள் மூன்று மணி நேரமும் நீலச் சட்டையைத் தேடுவாள். விளக்கு எரிந்ததும் பக்கத்துப் பெண்ணிடம், "நீலச் சட்ட போட்டு ஒருத்தன் வந்தானா தாயி? நாங் கண்ணசந்துட்டனா?" என்று கேட்பாள். நான் இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருப்பேன். பாவமாக இருந்தது என்று எழுதினால் நான் நல்லவள் ஆகிவிடுவேன். பாவமாக இல்லை. இனித்தது.

1996 மே மாதம் கோயில் திருவிழாவுக்கு ஆன்றோ வந்தான். கூலிங் கிளாஸ், தொப்பை, கழுத்தில் சங்கிலி. அந்த வெள்ளிக்கிழமை வெளியாகிற படத்தில் அவனுக்கு நாலு நிமிஷம் வசனம். நண்பனைக் காட்டிக்கொடுத்துவிட்டுக் கிணற்றடியில் அழுகிற காட்சி. பங்கில் எல்லாரும் அவனைப் புளுகன் என்று பேசுவது அவன் காதுக்கும் போயிருக்க வேண்டும். நாற்பது பேருக்கு டிக்கெட் எடுத்து, தாயைப் பட்டுச்சேலை கட்ட வைத்து நடுவில் உட்கார வைத்தான். நான் பின்னால் என் இடத்தில்.

கிணறு வந்தது. வாளி வந்தது. வாளி தண்ணீரில் விழுந்த சத்தத்தோடு அடுத்த ஊர் வந்துவிட்டது. அவ்வளவு சுத்தமான வெட்டு. அண்ணன் வாழ்நாளில் செய்த வேலைகளில் அதுதான் சிறந்தது என்பேன். படம் முடிந்து விளக்கு எரிந்தபோது நாற்பது பேரும் ஆன்றோவைப் பார்த்தார்கள். யாரோ ஒருவன், "மாப்ள, அந்த வாளி நீதானா?" என்றான். தியேட்டரே அதிர்ந்தது.

ஆன்றோ ஆபரேட்டரிடம் ஓடினான். பிரிண்ட் பார்த்தது லூர்தண்ணன் என்று ஆபரேட்டர் சொல்லியிருக்கிறான். அங்கிருந்து நேரே சிம்மக்கல்லுக்கு ஆட்டோ. நான் குறுக்குச் சந்து வழியாக அவனுக்கு முன்பே ஆபீசுக்குப் போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சியை நான் எப்படித் தவறவிடுவேன்?

"மச்சான், என் சீனு எங்க?" என்றான், வாசலில் நின்று.

"எந்தச் சீனு?" அண்ணன் மேஜையிலிருந்து தலை தூக்கவில்லை.

"விளாடாதீங்க மச்சான். மூணு வருசமா ஒரு படத்துலயும் என்னையக் காணாம்னு எங்காத்தா அழுகுது. நீங்கதானா?"

"எந்தங்கச்சி பேர ரெண்டு ஓலை வாசிச்சாங்க மாப்ள. மூணாவது ஓலைய நான் வாசிச்சுக்கிட்டு இருக்கேன். இன்னும் முடியல."

ஆன்றோ என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். "சலேத்து, நீயாச்சும் அன்னைக்கி..." என்று தொடங்கினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கூலிங் கிளாஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். முதலாளியிடம் சொல்லியிருந்தால் அண்ணன் வேலை அன்றைக்கே போயிருக்கும். ஏனோ அவன் சொல்லவில்லை. தாயிடமும் சொல்லவில்லை. அதைப் பயம் என்று நினைத்தேன்.

அன்றோடு அவன் மதுரைக்கு வருவது நின்றது. கிறிஸ்துமஸுக்கு அவன் தாய்க்கு அனுப்பின சேலையை அவள் பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள். "படத்துலயே இல்லாத பயலுக்குச் சேல எடுக்க ஏது வக்கு? மெட்ராசுல என்ன களவாணித்தனம் பண்றானோ" என்று கோயில் வாசலிலேயே சொன்னாள். ஆனாலும் படம் பார்க்க வருவதை நிறுத்தவில்லை. ஒருநாள் இடைவேளையில் திரும்பி என்னைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயாச்சும் பாத்தியா தாயி?" "இல்லத்தே" என்றேன். அதன் பிறகு இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கைதான்.

பதினேழு படம் ஆயிற்று. 2001 கடைசியில் ஒரு படப்பிடிப்பில் மாடியிலிருந்து குதிக்கிற காட்சி. வலை தவறி ஆன்றோ செத்துப்போனான். தகவல் சுற்றிச் சுற்றி வந்து, முட்டிவலிக்காரி பிலோமினாள் பஸ் பிடித்து மெட்ராஸ் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மகன் முகத்தை அப்போதும் அவள் பார்க்கவில்லை.

அண்ணன் ஆடிப்போனான். எட்டு வருஷமாகக் கத்திரி பிடித்த கை, சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே நிற்கும். "சாகணும்னு நெனைக்கல சலேத்து. வராம இருந்தாப் போதும்னுதேன் நெனச்சேன்" என்பான். எனக்கும் உள்ளே ஏதோ காற்று இறங்கியது மாதிரி இருந்தது. செத்தவன் மேல் எவ்வளவு நாள் வன்மம் வைக்க முடியும்? கையில் கூலி வாங்கிக்கொண்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவள் போல இருந்தேன்.

2002 ஆகஸ்டில் ஒரு நாள் அண்ணன் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஆன்றோ நடித்த படம் ஒன்று போடுகிறார்கள். டிவிக்காரனிடம் போனது வேறு பிரிண்ட், அதில் அண்ணனின் கத்திரி படவில்லை.

"பதினேழு படத்துலயும் அவன் அடியும் அழுகையும் இல்லாம வாரது இது ஒண்ணுதேன்" என்றான். "பள்ளிக்கூட வாத்தியாரா வாரான். பிள்ளைகளப் பாத்துச் சிரிக்கிறான். அம்புட்டுத்தேன், ஒரு நிமிசம் இருக்கும். அந்தக் கெழவிய நம்ம வீட்டுக்குக் கூட்டியாந்து காட்டிருவோம் சலேத்து. ஒரு தடவ பாத்துட்டுப் போகட்டும்."

"சரிண்ணே" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆட்டோ வைத்து அவளை அழைத்து வந்தேன். ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தேன். மதியம் அண்ணன் இருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடிப் பக்கம் போய்விட்டான். போகும்போது வாசலில் நின்று சொன்னான்: "இடைவேளைக்குப் பெறகு ஒரு மழைப் பாட்டு வரும். அது முடிஞ்சதும் பள்ளிக்கூடம். அப்ப கெழவி கண்ண மூடாமப் பாத்துக்க."

பிலோமினாளிடம், "அத்தே, இன்னைக்கி ஆன்றோ வருவாரு. நிச்சயமா வருவாரு, நான் விசாரிச்சிட்டேன்" என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துத் துடைத்து மாட்டினாள். டிவிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டேன். பாதிப் படம் போனது. அவள் இமைக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை. மழைப் பாட்டு தொடங்கியது. அப்போதுதான் என் கையைப் பிடித்தாள்.

"தாயி, ஒண்ணு சொல்லணும். சொல்லாமச் செத்தா எனக்கு மோட்சம் கெடையாது."

"சொல்லுங்கத்தே."

"அவன் ஓடிப்போகல. நாந்தேன் வெரட்டுனேன். ரெண்டாவது ஓலைக்கப்புறம் திண்டுக்கல்லுல ஒரு டீச்சர் பிள்ள வரன் வந்துச்சு. ஓலைக்கு ஆறு மாசந்தேன் கணக்கு, அது தாண்டுனாச் செல்லாது, அம்புட்டு நாளும் மெட்ராசுல கெடடான்னேன். மாட்டேன்னு அழுதான். மருந்தக் குடிச்சிருவேன்னு மெரட்டி ரயிலேத்துனேன். அந்த டீச்சரும் அமையல. அவனும் சினிமாவுல விழுந்துட்டான்."

பாட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒனக்கு ரெண்டு கடுதாசி போட்டான். ஒங்கண்ணனுக்குப் பயந்து எனக்கு வந்த கடுதாசிக்குள்ள வச்சு அனுப்புனான், ஒட்டுன கவரு. அடுப்புல போட்டேன்."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"எனக்கு எங்க தாயி வாசிக்கத் தெரியும்? பிரிக்காமயே போட்டுட்டேன்." அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை, கண்ணீர் அதற்குள்ளேயே வழிந்தது. "அந்தப் பாவத்துக்குத்தேன் ஆண்டவரு எம் மகன் மொகத்தத் தெரையிலயும் காட்டல, சவப்பொட்டியிலயும் காட்டல. இன்னைக்கித்தேன் மனசு எறங்கியிருக்காரு. ஒன் கையாலயே காட்ட வச்சிருக்காரு பாரு."

ஆண்டவர் ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் நாங்கள். எட்டு வருஷமாக ஒரு தப்பான ஆளை வெட்டினோம் என்பது அப்போதுதான் புரிந்தது. சிம்மக்கல் ஆபீஸ் வாசலில் அவன் சொல்ல வந்து நின்ற வார்த்தை நினைவுக்கு வந்தது. என் பெயர் எழுதி, நான் வாசிக்காத இரண்டு கடிதங்களை நினைத்தேன். கோயிலில் திரும்பின முக்காடுகளில் முன்வரிசை முக்காடு இவளுடையது. இவளுக்குத் தெரிந்திருந்தது, ஆனாலும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தாள். என் சோற்றைத் தின்றுவிட்டு, என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து மன்னிப்பையும் மகனையும் ஒரே மத்தியானத்தில் வாங்கிக்கொண்டு போகப் பார்க்கிறாள்.

பாட்டு முடிந்தது. பள்ளிக்கூட மணி அடித்தது. திரையில் சுண்ணாம்பு அடித்த ஒரு வாசல் தெரிந்தது. பிலோமினாள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

நான் எழுந்து டிவியை அணைத்தேன்.

"என்னாச்சு தாயி?"

"கரண்ட் போயிருச்சு அத்தே."

அவள் கொஞ்ச நேரம் இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமா தாயி," என்றாள். "போயிருச்சு."